பிகாட் பிரபுவின் இரண்டு பட்டங்கள்: ஒன்று முடிந்தது, ஒன்று ஓடுகிறது

கேள்வி, ஜூன் 3

போன ஞாயிறு சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்துக்குப் போயிருந்தோம். கூட வந்தவர் சொன்னார்: "இங்கேதான் பிகாட் பிரபுவைப் புதைத்திருக்கிறார்கள். மதராஸ் கவர்னரை மதராசிலேயே கைது செய்து சாகடித்தார்கள். அவருடைய வம்சம் இன்னும் இங்கிலாந்தில் பிரபுவாக இருக்கிறது. அவருடைய பெரிய வைரமும் அவர்களிடம்தான் இருக்கிறது." இதில் எவ்வளவு நம்பலாம்? தெரிந்தவர்கள் சொல்லவும்.

பதில், ஜூன் 3, இரவு

கைது நிஜம். காவலில் செத்தது நிஜம். வம்சம் இருக்கிறது. பட்டமும் இருக்கிறது. வைரம் மட்டும் கதை. காலையில் எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை

தூக்கக் கலக்கத்தில் "பட்டமும் இருக்கிறது" என்று எழுதிவிட்டேன். பாதிதான் சரி.

பிகாட்டுக்கு இருந்தவை இரண்டு பட்டங்கள். 1764இல் பாரோனெட், அதாவது பரம்பரையாக இறங்கும் "சர்" பட்டம். 1766இல் பாரன், அதாவது பிரபு. பிரபுப் பட்டம் 1777 மே 11 அன்று அவரோடு மதராசிலேயே முடிந்தது. பாரோனெட் பட்டம் அவருடைய தம்பிக்குப் போய், அங்கிருந்து பிள்ளை, பேரன் என்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. 1986இல் எட்டாவது பாரோனெட்டுக்குப் போயிற்று. அந்த வீட்டுத் தலைவரை "சர்" என்று கூப்பிடலாம், "பிரபுவே" என்று கூப்பிட முடியாது. வம்சத்தைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் அந்த ஒரு சொல்தான் தவறு. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் நிறைய விஷயம் இருக்கிறது.

ஜூன் 4, மதியம்

யார் இந்த பிகாட் என்று கேட்டவர்களுக்கு.

ஜார்ஜ் பிகாட், 1719இல் பிறந்தவர். 1736இல், பதினேழு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து மதராஸ் வந்தார். 1755இல் கவர்னர். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்து சமாளித்தது இவர்தான். 1759 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையை விட்டுவிட்டுப் போனார்கள். 1761இல் புதுச்சேரியே விழுந்தது. அதற்கு முன்பு 1746இல் மதராசைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையிலிருந்த கறுப்புக் கல் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பிகாட் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். இன்றைக்குச் சட்டமன்றக் கட்டடத்தில் நிற்பவை அந்தத் தூண்கள்தான். தொலைக்காட்சியில் கோட்டைச் செய்தி வரும்போதெல்லாம் பின்னால் தெரியும்.

1763இல் ஏகப்பட்ட பணத்தோடு ஊர் திரும்பினார். ஸ்டாஃபர்ட்ஷயரில் பாட்ஷல் என்ற பெரிய எஸ்டேட்டை வாங்கினார். நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். பாரோனெட், அப்புறம் பாரன். எல்லாம் மூன்று வருஷத்துக்குள். இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பியவர்களை அங்கே "நபாப்" என்று கிண்டல் செய்த காலம் அது. கிண்டல் ஒரு பக்கம், பட்டம் ஒரு பக்கம்.

ஜூன் 4, இரவு

நான் முப்பத்தொரு வருஷம் பத்திரம் எழுதியவன். அரசர் கொடுக்கும் பட்டயத்தையும் எனக்கு ஒரு பத்திரமாகத்தான் பார்க்க வரும்.

நம்முடைய கிரயப் பத்திரத்தில் ஒரு வரி உண்டு. "தாங்கள் தங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போய்விடுவோம். பிரித்துப் பார்த்தால் இரண்டு உரிமை. பிள்ளை, பேரன் வழியாக இறங்கும் உரிமை ஒன்று. தானம் கொடுக்க, மாற்றிக்கொள்ள, விற்க உரிமை இன்னொன்று.

பிரிட்டிஷ் பரம்பரைப் பட்டத்தில் முதல் பாதி மட்டும் உண்டு. இரண்டாம் பாதி கிடையாது. விற்க முடியாது, உயில் எழுத முடியாது, பிடித்த மருமகனுக்குக் கொடுக்க முடியாது. யாருக்கு இறங்கும் என்பதை முதல் நாளே அரசரின் பட்டயத்தில் எழுதி முத்திரை வைத்தாயிற்று. வாங்கியவரே நினைத்தாலும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

வழக்கமான வரி: இவருக்கும், இவர் உடலிலிருந்து முறைப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கும். பிகாட்டின் பிரபுப் பட்டத்தில் அது மட்டும்தான். பாரோனெட் பட்டயத்தில் கூடுதலாக ஒன்று உண்டு: அப்படிப் பிள்ளை இல்லாமல் போனால் தம்பி ராபர்ட்டுக்கு, அந்த வழியும் இல்லாவிட்டால் தம்பி ஹியூவுக்கு.

அந்தக் கூடுதல் வரி மட்டும் இல்லையென்றால் இரண்டு பட்டமும் ஒரே நாளில் போயிருக்கும்.

ஜூன் 5, காலை

பிரபுப் பட்டத்துக்கும் அந்த வரியைக் கேட்டு வாங்கியிருக்கலாமே என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. பெரிய பட்டத்தைப் பக்கத்துக் கிளைக்கு நீட்டுவது பெரிய சலுகை. போரில் ஜெயித்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் கதையும் இதேதான். அவருடைய வைகவுன்ட் பட்டம், பாரனுக்கு மேல்படி, 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் அவரோடு போய்விட்டது. 1801இல் கொடுத்த ஒரு பாரன் பட்டத்தில் மட்டும் வாரிசு வரியை அகலமாக எழுதியிருந்தார்கள். அது அண்ணன் வில்லியமுக்குப் போயிற்று. வில்லியம் பாதிரியார். ஒரு துப்பாக்கிகூடச் சுட்டதில்லை. தம்பி செத்த அதே ஆண்டில் அவரை ஏர்ல், அதாவது வைகவுன்டுக்கும் மேலான பிரபு, ஆக்கினார்கள்.

பிகாட்டுக்குச் சின்னப் பட்டத்தில் தாராளம் காட்டினார்கள், பெரியதில் கையை இறுக்கிக்கொண்டார்கள். எனக்குத் தோன்றுவது அவ்வளவுதான்.

ஜூன் 5, காலை, பின்குறிப்பு

மேலே ஹியூ தம்பி என்று எழுதினேன். அந்த ஹியூ பிகாட் அட்மிரல். இதே பெயரில் அவருக்கு ஒரு மகன் உண்டு, அவரும் கடற்படை. குழப்பிக்கொள்ள வேண்டாம். "ஹெர்மயனி" கப்பலில் 1797இல் மாலுமிகள் கிளர்ந்து வெட்டிக் கொன்ற கேப்டன் அந்த மகன்தான். பாய்மரத்திலிருந்து கடைசியாக இறங்குபவனுக்குச் சவுக்கடி என்று மிரட்டினாராம். அவசரத்தில் பையன்கள் விழுந்து செத்தார்கள். அடுத்த நாள் இரவு மாலுமிகள் கணக்குத் தீர்த்தார்கள். பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 5, இரவு

பாரோனெட் என்றால் என்ன, நைட் என்றால் என்ன?

இரண்டு பேரும் "சர்"தான். நைட் பட்டம் அந்த ஆளோடு சரி. சர் சி.வி. ராமனுக்கு 1929இல் கொடுத்தது அந்த வகை. மகன் "சர்" போட்டுக்கொள்ள முடியாது. பாரோனெட்டின் "சர்" மூத்த ஆண் வாரிசுக்கு இறங்கும். ஆனாலும் பாரோனெட் பிரபு அல்ல. பிரபுக்கள் சபையில் நாற்காலி இல்லை. பிரபுவுக்குக் கீழே, நைட்டுக்கு மேலே, இரண்டும்கெட்டான்.

இதைக் கண்டுபிடித்தவர் அரசர் முதலாம் ஜேம்ஸ், 1611இல். காரணம் பணம். அயர்லாந்தில் அல்ஸ்டர் பகுதியில் படை வைக்கக் காசு இல்லை. முப்பது சிப்பாய்க்கு மூன்று வருஷச் சம்பளம் கட்டினால் பரம்பரைப் பட்டம். விலை 1,095 பவுண்டு. அது என்ன ஒற்றைப்படையாக 1,095 என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிப்பாய்க்கு நாளுக்கு 8 பென்னி. மூன்று வருஷம் 1,095 நாள். முப்பது பேருக்கு ஒரு நாளைக்கு 240 பென்னி, அதாவது அந்தக் காலக் கணக்கில் சரியாக ஒரு பவுண்டு. ஆக நாளுக்கு ஒரு பவுண்டு, 1,095 நாள். பேரம் பேசியவன் கணக்கில் கெட்டிக்காரன்.

பிகாட் காலத்தில் இப்படிக் கடைத்தெரு விலை இல்லை. ஆனால் மதராசிலிருந்து மூட்டையோடு வந்திருக்காவிட்டால் யார் அவரைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

ஜூன் 6

பிரபுப் பட்டத்தின் முழுப் பெயரைப் பாருங்கள்: "டப்ளின் கவுன்டியில் பாட்ஷல், பாரன் பிகாட்." பாட்ஷல் இருப்பது இங்கிலாந்தில், ஸ்டாஃபர்ட்ஷயரில். டப்ளின் இருப்பது அயர்லாந்தில், நடுவே கடல். சர்வே எண் ஒரு கிராமத்தில், சொத்து விவரம் இன்னொரு மாவட்டத்தில். சார்பதிவாளர் பார்த்தால் பத்திரத்தை முகத்திலேயே எறிவார்.

விஷயம் என்னவென்றால் அது அயர்லாந்துப் பிரபுப் பட்டம். வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுக்கள் சபையில் இடம் வராது. லண்டனில் கூட்டம் சேர்க்காமல் ஆளைத் திருப்திப்படுத்த அரசாங்கத்துக்கு வசதியான வழி. வாங்குகிறவருக்கும் ஒரு லாபம்: இங்கிலாந்துத் தொகுதியிலிருந்து மக்கள் சபையில் உறுப்பினராக இருக்கலாம். பிகாட் பிரபுவாகவும் இருந்தார், பிரிட்ஜ்நார்த் தொகுதி உறுப்பினராகவும் இருந்தார். கிளைவும் அப்படித்தான். 1762இல் "பிளாசியின் பாரன் கிளைவ்" ஆனார். அதுவும் அயர்லாந்துப் பட்டம். அயர்லாந்தில் நிலம் வாங்கி அதற்கே பிளாசி என்று பெயர் வைத்தார். கிளைவுக்குப் பிள்ளை இருந்தது, அதனால் பட்டம் நின்றது. அந்த எட்வர்ட் கிளைவ் 1798இல் மதராஸ் கவர்னராக வந்தார். மனைவியின் சகோதரர் பிள்ளையில்லாமல் செத்ததில் முடிந்துபோன போவிஸ் ஏர்ல் பட்டத்தை 1804இல் அவர் பெயருக்குப் புதிதாகக் கொடுத்தார்கள். யோகம் என்றால் அது.

ஜூன் 7, அதிகாலை

தூக்கம் வரவில்லை. சொந்தக் கதை ஒன்று.

என் தாத்தா 1950களில் ஒரு செட்டில்மென்ட் எழுதி வைத்தார். மூன்று ஏக்கர் நஞ்சை. "என் மூத்த குமாரனுக்கு ஆயுள் பரியந்தமும், அவனுக்குப் பின் அவன் ஆண் சந்ததிகளுக்கும்" என்று இருந்தது. பெரியப்பாவுக்கு மூன்றும் பெண். ஆண் சந்ததி இல்லாவிட்டால் யாருக்கு என்ற வரியை எழுதியவர் எழுதவில்லை. பெயர் வேண்டாம், நல்ல மனுஷர், போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒரு வரி இல்லாததால் என் அப்பாவும் சித்தப்பாவும் பெரியப்பாவின் பெண்களும் பதினாறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். கடைசியில் கூடத்தில் உட்கார்ந்து சமரசமாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தப் பத்திரத்தை வாசித்து வாசித்துத்தான்.

அதனால்தான் 1764 பட்டயத்தில் "இல்லாவிட்டால் ராபர்ட்டுக்கு" என்ற இடத்தைப் பார்த்ததும் எழுதிய குமாஸ்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருந்தது.

ஜூன் 7, மாலை

கைதுக் கதையைக் கேட்டு நாலு பேர் எழுதிவிட்டார்கள். சரி.

1773இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டார். துளஜா மன்னர் சிறைப்பட்டார். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் இதை ஏற்கவில்லை. தஞ்சாவூரை மன்னருக்கே திரும்பக் கொடு என்று சொல்லி பிகாட்டை இரண்டாவது முறையாகக் கவர்னராக்கி அனுப்பினார்கள். 1775 டிசம்பரில் வந்தார். 1776 ஏப்ரலில் நேரே தஞ்சாவூர் போய் மன்னரை மறுபடி அமர்த்தினார்.

அங்கேதான் வந்தது வினை. நவாப் மதராஸ் வெள்ளைக்காரர்களிடம் வாங்காத கடன் இல்லை. கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூர் வருமானத்தையே எழுதிக் கொடுத்திருந்தார். பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர், நவாப்பிடமிருந்து 1,62,000 பவுண்டும் தஞ்சாவூர்க்காரர்களிடமிருந்து 72,000 பவுண்டும் தனக்கு வர வேண்டும், விளைச்சல் எனக்கே அடமானம் என்று நின்றார். சாதாரணக் கம்பெனி ஊழியரிடம் கொடுக்கல் வாங்கலுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் அன்றைக்கு யாரும் இல்லை. தஞ்சாவூர் மன்னர் கைக்குப் போனால் கடன்காரர்களின் ஈடு காலி. கவர்னரின் நிர்வாகக் குழுவான கவுன்சிலில் பெரும்பான்மை பென்ஃபீல்ட் பக்கம் சாய்ந்தது.

பிகாட்டும் லேசுப்பட்டவர் அல்ல. எதிர்த்த இரண்டு உறுப்பினர்களைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார். படைத்தலைவரைக் கைது செய்ய உத்தரவு போட்டார். மறுபக்கம் முந்திக்கொண்டது.

1776 ஆகஸ்ட் 24. கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அன்று காலைச் சாப்பாடு பிகாட் வீட்டில். மதியமும் அங்கேயே. மாலையில் ஒரே வண்டியில் இருவரும் கோட்டையிலிருந்து தோட்ட வீட்டுக்குக் கிளம்பினார்கள். தீவுத்திடலில் சிப்பாய்கள் வழிமறித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டூவர்ட் பிகாட்டை இறங்கச் சொன்னார். ஏற்பாடு முழுக்க அவருடையது. பிகாட்டை நேரே பரங்கிமலைக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள்.

சோறு போட்டவரைப் பிடித்துக் கொடுத்தான் என்று என் மனைவிக்கு இன்னும் ஆற்றாமை. 250 வருஷம் ஆகப்போகிறது.

காவல் 260 நாள். உடம்பு முடியாமல் போனதும் தோட்ட வீட்டுக்கு மாற்றினார்கள். அங்கே 1777 மே 11 அன்று இறந்தார். வயது 58. பிரேத விசாரணை ஜூரி வேண்டுமென்றே செய்த கொலை என்று எழுதியது. அது நிற்கவில்லை. அவரை மறுபடி பதவியில் அமர்த்தச் சொல்லி லண்டனிலிருந்து வந்த உத்தரவு அவர் செத்த பிறகுதான் கரை சேர்ந்தது. 1779இல் அட்மிரல் தம்பி ஹியூ நாடாளுமன்றத்தில் எழுந்து பேசினார். நான்கு கவுன்சில் உறுப்பினர்கள் மேல் வழக்கு நடந்தது. குற்றம் நிரூபணம். தண்டனை ஆளுக்கு ஆயிரம் பவுண்டு அபராதம். அவர்கள் மதராசில் சம்பாதித்ததற்கு அது வட்டிக்காசு.

ஜூன் 7, இரவு

தோட்ட வீடு எங்கே என்று கேட்டவருக்கு: இன்றைய ஓமந்தூரார் தோட்டம். பல்நோக்கு மருத்துவமனை நிற்கும் வளாகம். பழைய கட்டடம் இல்லை.

இன்னொன்று. பிகாட்டை நல்லவர் என்று நான் சொல்லவில்லை. தஞ்சாவூரைத் திரும்பக் கொடுத்ததில் யாருக்கு எவ்வளவு கைமாறியது என்ற பேச்சு அன்றைக்கே இரண்டு பக்கமும் உண்டு. இரண்டு பக்கத்தையும் பார்த்தால் தஞ்சாவூர் விவசாயியைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஜூன் 8

"பிள்ளையில்லாமல் செத்தார், அதனால் பட்டம் போயிற்று" என்று ஒருவர் சுருக்கியிருக்கிறார். தவறு. பிள்ளைகள் இருந்தார்கள். கல்யாணம்தான் இல்லை.

மகள் சோஃபியாவுக்கு 1776இல் மதராசிலேயே எட்வர்ட் மங்க்டன் என்ற கம்பெனி அதிகாரியோடு கல்யாணம். அவரும் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை. மகன்களும் இருந்தார்கள், பெரிய பதவிகளுக்குப் போனார்கள். அப்பா அவர்களை மறைத்து வைக்கவில்லை. ஆனால் பட்டயத்தில் "முறைப்படி பிறந்த" என்ற இரண்டு சொல் இருக்கிறதே, அது கதவை அடைத்துவிட்டது. பெற்றோர் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டிருந்தாலும் இங்கிலாந்துப் பட்டத்தில் அது உதவாது.

பெண்ணுக்கு ஏன் இல்லை என்று மனைவி கேட்டாள். பெரும்பாலான பட்டங்களில் ஆண் வழி மட்டும்தான், இன்றைக்கும். நம்மூரில் 1989 மார்ச்சில் சட்டம் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்தது. அந்த வருஷம் என் மேசையில் எத்தனை விடுதலைப் பத்திரம்! தங்கச்சிகளைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கின அண்ணன்மார். எழுதிக் கொடுத்தவன் நான்தான். அது வேறு இழை.

ஜூன் 9

வைரம்.

பிகாட் இந்தியாவிலிருந்து கொண்டுபோன கல், 188 குன்றிமணி எடை. இல்லை, தவறு. அவர்கள் சொல்லும் கிரெயின் நம் குன்றிமணி அல்ல. நாலு கிரெயின் ஏறக்குறைய ஒரு கேரட் என்று வைத்தால் 47 கேரட். பெரிய கல்தான்.

உயிலில் அதைத் தம்பிகள் ராபர்ட், ஹியூ, தங்கை மார்கரெட் மூவருக்கும் சேர்த்து எழுதினார். பாருங்கள், இங்கே "தானாதி வினிமய விக்கிரயம்" முழுசாக உண்டு. தங்கைக்கும் பங்கு. பட்டத்தில் அவள் இல்லை, வைரத்தில் இருக்கிறாள். ஆனால் ஒற்றைக் கல்லை எப்படி மூன்றாக்குவது? அந்த விலைக்கு வாங்க ஆளும் இல்லை. கடைசியில் 1800இல் நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டு லாட்டரி விட்டார்கள். 11,428 சீட்டு, சீட்டு இரண்டு கினி. கினி என்பது 21 ஷில்லிங். மொத்தம் 23,998 பவுண்டு 16 ஷில்லிங். 1801இல் குலுக்கினார்கள். பிறகு கை மாறி மாறி லண்டன் நகைக்கடைக்கு வந்து, அங்கிருந்து கிரேக்க நாட்டு யான்னினாவை ஆண்ட அலி பாஷாவிடம் போயிற்று. 1822இல் அலி பாஷாவைக் கொன்றார்கள். சாகும்போது கல்லை நொறுக்கச் சொன்னார், நொறுக்கினார்கள் என்பது கதை. கல்லை அதற்கப்புறம் கண்டவர் இல்லை.

ஆக, வைரம் பிகாட் குடும்பத்தை விட்டு 1801இலேயே போய்விட்டது.

ஜூன் 9, இரவு

நிலமும் போயிற்று. 1848இல் பாட்ஷல் எஸ்டேட்டை டார்ட்மவுத் ஏர்லுக்கு விற்றுவிட்டார்கள். நான்காவது பாரோனெட் காலம். பட்டத்தின் பெயர் மட்டும் இன்னமும் "பாட்ஷல்". ஊரை விட்டு வந்து மூணு தலைமுறை ஆகியும் இனிஷியலில் ஊர்ப் பெயரைச் சுமக்கிற நம் ஆட்களைப் போல.

தம்பி ராபர்ட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1775இல் அமெரிக்காவில் பங்கர் ஹில் சண்டையில் பிரிட்டிஷ் இடது பக்கத்தை நடத்தியவர் அவர். அண்ணன் மதராசில் காவலில் கிடந்தபோது தம்பி அங்கே போரில். 1777 மே 11 அன்றே அவர் சர் ராபர்ட் ஆகிவிட்டார். கப்பல் சேதி கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை மாதமோ, அதுவரைக்கும் அவருக்கே தெரியாது.

ஜூன் 11

இந்தியக் குடும்பங்களுக்குப் பரம்பரைப் பட்டம் கிடைத்ததா என்ற கேள்விக்கு: கிடைத்தது.

பாரோனெட் பட்டம் பெற்ற முதல் இந்தியர் பம்பாய் ஜம்சேட்ஜி ஜீஜீபாய், 1857. அதில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஜம்சேட்ஜி ஜீஜீபாய் என்றே பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் செய்தார்கள்.

நம்மூரில் அண்ணாமலை செட்டியாருக்கு 1929இல் பரம்பரையாக இறங்கும் "செட்டிநாட்டு ராஜா" பட்டம். அது பிரபுப் பட்டம் அல்ல, இந்தியப் பட்டம்.

நிஜமான பரம்பரைப் பிரபு என்றால் வங்காளத்துச் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, 1919. அவர் 1928இல் இறந்தார். மகன் நான் அடுத்த பிரபு என்று வந்தபோது சிக்கல். அப்பாவின் கல்யாணம் இந்து முறைப்படி 1880இல் நடந்தது. அன்றைய இந்து முறையில் ஆண் இன்னொரு கல்யாணம் செய்ய இடம் உண்டு. அப்படிப்பட்ட கல்யாணத்தில் பிறந்தவர் இங்கிலாந்துப் பட்டயத்தின் கண்ணில் "முறைப்படி" பிறந்தவரா? 1939இல் பிரபுக்கள் சபைக் குழு விசாரித்தது. மகன் பிறப்பதற்கு முன்பே சின்ஹா பிரம்ம சமாஜத்தில் சேர்ந்துவிட்டார், அங்கே ஒருதாரம்தான். ஆகவே செல்லும் என்றார்கள். சோஃபியாவின் தம்பிகளை வெளியே நிறுத்திய அதே சொல், இங்கே பதினோரு வருஷம் ஒருவரை வாசலில் காக்க வைத்தது.

ஜூன் 12

அனுபவ பாத்தியம் உண்டா என்று ஒரு வக்கீல் தம்பி கேட்கிறார். பன்னிரண்டு வருஷம் யாரும் கேட்காமல் அனுபவித்தால் நிலம் கைக்கு வருமே, அதுபோல?

பட்டத்துக்குக் கிடையாது. ஸ்காட்லாந்தில் பிரிங்கிள் என்று ஒரு பாரோனெட் குடும்பம், 1683ஆம் வருஷத்துப் பட்டம். குலத் தலைவர் யார் என்று அறிய டி.என்.ஏ. பரிசோதனை செய்தார்கள். போன நூற்றாண்டில் பட்டத்துக்கு வந்த ஒன்பதாவது பாரோனெட், எட்டாமவரின் ரத்தமே இல்லை என்று தெரிந்தது. அவர் போய், மகன் போய், பேரன் காலத்தில் வழக்கு. 2016இல் பிரிவி கவுன்சில் என்ற லண்டன் உயர் நீதிக்குழு டி.என்.ஏ.வை ஏற்று, அடுத்த தம்பி வழிக்குப் பட்டம் என்றது. காலக்கெடு ஒன்றும் குறுக்கே வரவில்லை. வில்லங்கச் சான்றில் 30 வருஷம் பார்த்தால் போதும் என்று ஜனங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இதைப் படித்தபோது பழைய கட்சிக்காரர்கள் முகமெல்லாம் வந்துபோயிற்று.

ஜூன் 15

இவ்வளவு எழுதிவிட்டு நேரில் பார்க்காமல் இருக்கக் கூடாது என்று நேற்று கோட்டைக்குப் போனேன். பையைத் திறந்து காட்டி, பேர் எழுதி உள்ளே போக முக்கால் மணி நேரம்.

தேவாலயத்தைச் சுற்றித் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். எல்லாம் பழைய இடுகாட்டிலிருந்து, இப்போதைய சட்டக் கல்லூரிப் பக்கத்திலிருந்து பெயர்த்து வந்தவை. லாலியின் ஆட்கள் முற்றுகையின்போது அந்தச் சமாதிகளுக்குப் பின்னால் ஒளிந்து சுட்டார்கள், அதனால் அப்புறப்படுத்தினார்கள். மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். நான் ஓரமாக நடந்தேன்.

உள்ளே எத்தனையோ பேருக்குப் பளிங்கில் சிலை, பாராட்டுரை, கேடயம். பிகாட்டைத் தேடினேன். உள்ளே இருந்த பெரியவரிடம் "பிகாட் பிரபு எங்கே ஐயா" என்றேன். தரையில் ஒரு கல்லைக் காட்டினார். "இதுதான் சார். பேர் இருக்காது."

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் பார்த்ததும் அந்தக் கல்தானா? படம் எடுத்திருந்தால் போடுங்கள். நான் கைப்பேசியை வண்டியில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.